வெளிமானும் வெள்ளாடும்

இஹ்ராம் அணிந்தவர் வேட்டையாடினால், கொன்ற பிராணிக்கு நிகரான கால்நடையை நீதியுடைய இருவர் தீர்மானிக்க வேண்டும் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 95ஆம் வசனம் தரும் சட்டம். கஸால் என்னும் மானுக்கு ஒரு பெண் வெள்ளாடு என்று உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இப்பாடத்தை நடத்துகையில் மாணவனொருவன், "மானுக்கு ஆடு எப்படி நிகராகும், ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்றெண்ணி, ஐயப்பன்தாங்கலில் மாணவர்களுடன் பேருந்து ஏறினேன். போரூர், நந்தம்பாக்கம் கடந்து கிண்டி சிறுவர் பூங்காவை அடைந்தோம்.

புள்ளிமானின் கொம்பு கிளைவிட்டது. விழுந்து மீண்டும் முளைப்பது. வெளிமானின் கொம்போ முறுக்கிய கயிறு போன்றது. கிளையில்லை, ஆயுள் முழுதும் விழுவதில்லை, ஆட்டின் கொம்பைப் போல. நாம் இரண்டையும் மான் என்றே அழைத்தாலும், வெளிமான் ஆடுமாடுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அரபு நாட்டுக் கஸால் அதன் நெருங்கிய உறவு. அக்கஸால் என்னும் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் 'கெஸல்' ஆயிற்று. 1758இல் லின்னேயஸ் வெளிமானுக்கு இட்ட 'செர்விகாப்ரா' என்ற இலத்தீன் பெயருக்கு 'மான்-ஆடு' என்றே பொருள். கேட்ட மாணவன் கம்பியைப் பிடித்தபடி நெடுநேரம் கொம்பையே பார்த்தான்.

மொகலாய மன்னர் ஜஹாங்கீர் பெரும் வேட்டைப் பிரியர். அவரே, தாம் வளர்த்த மன்ஸ்ராஜ் என்னும் இவ்வின மான் இறந்தபோது அவ்விடத்தில் மான் வேட்டையைத் தடுத்து, நினைவாக ஸ்தூபியும் எழுப்பினார். லாகூருக்கு அப்பால் ஷேகுபுராவிலுள்ள ஹிரன் மினார் அதுவே.

தமிழர் இட்ட பெயர்களோ அதன் வாழ்வையே சொல்கின்றன. புல்வாய் என்னும் பெயர் தொல்காப்பிய மரபியலிலேயே உண்டு. வெளிமான் என்றால் வெட்டவெளியில் வாழும் மான். தொலைவில் வரும் பகையைக் கண்ணால் கண்டு, ஓடித் தப்புவது அதன் இயல்பு. புதரும் மரமும் அடர்ந்தால் புள்ளிமான் சமாளித்துக்கொள்ளும், வெளிமானால் ஆகாது. 1978இல் தேசியப் பூங்காவான கிண்டிக் காட்டின் பரப்பு மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள்ளும் புல்வெளியைப் புதர் விழுங்கினால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் வேட்டைக்காரனைத் தடுக்கும். புதரை யார் தடுப்பது?

திரும்பும்போது அதே மாணவன், "தாங்கல் என்றால் என்ன, ஹஜ்ரத்?" என்றான். பாசனத்திற்கு நீர் தேக்கும் சிற்றேரி என்றேன். எழுந்து நின்று சன்னல் வழியே தேடினான். வீடுகளே தெரிந்தன.