சன்னலை எந்த முனையில் பிடிப்பது?

வட ஒத்தவாடைத் தெருவில் நான் முன்பு குடியிருந்த வீட்டின் சன்னல் கோயில் மதிலைப் பார்த்திருந்தது. ஒத்தவாடை என்பது ஒற்றை வாடை. ஒரு பக்கம் மட்டுமே வீடுகள் அமைந்த தெரு. எதிர்ப்பக்கம் முழுவதும் அண்ணாமலையார் கோயிலின் மதில்தான். இரண்டடிக்கு மூன்றடிச் சன்னல், ஐந்து கம்பிகள். காற்று வேண்டுமென்றால் திறக்கலாம், மழை வந்தால் சாத்தலாம். அகலப்படுத்த வேண்டுமென்றால் கொத்தனாரைத்தான் அழைக்க வேண்டும். கணினியில் சன்னல் என்று ஒன்று உண்டு என முதன்முதலில் கேள்விப்பட்டபோது என் மனத்தில் எழுந்தது அந்த ஐந்து கம்பிச் சன்னல்தான்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர்ந்தால் என்னைத் தமிழ் வாத்தியார் என்று யாரும் நம்ப மாட்டார்கள். சன்னல் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். சிலப்பதிகாரத்தில் இதற்குக் காலதர் என்று பெயர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கிலத்தின் விண்டோவும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து பிறந்ததுதான். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் சுவரில் விட்ட ஓட்டையைக் காற்றைக் கொண்டே பெயரிட்டிருக்கின்றன. கணினிச் சன்னலில் காற்று வருவதில்லை. ஆனால் அதற்கு நம் வீட்டுச் சன்னலுக்கு இல்லாத ஒரு வரம் உண்டு. பிடித்து இழுத்தால் பெரிதாகும்.

எங்கே பிடித்து இழுப்பது என்பதில்தான் வில்லங்கம் தொடங்குகிறது.

நான் கணினி பழகியது 2003இல், முதுகலை படிக்கும்போது, மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் ஓர் உலாவு மையத்தில். அங்கே இருந்தது மைக்ரோசாஃப்டின் விண்டோஸ். சன்னலின் நான்கு விளிம்புகளில் எதைப் பற்றினாலும், நான்கு மூலைகளில் எதைப் பற்றினாலும் அது நீளும், குறுகும். சுட்டியின் அம்பு இருதலை அம்பாக மாறும். அந்த ஏழைக் கணினியில் இழுக்கும்போது சன்னல் உடன் வராது. புள்ளிக்கோட்டால் ஒரு சட்டம் மட்டும் நகரும். கையை எடுத்த பிறகுதான் சன்னல் மெல்ல எழுந்து அந்தச் சட்டத்தை நிரப்பும். புள்ளி வைத்துவிட்டுக் கோலத்துக்குக் காத்திருப்பது போல இருக்கும். சன்னல்கள் எங்கும் இப்படித்தான் இருக்கும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

2009இல் சென்னையில், பக்க வடிவமைப்புத் தொழிலில் இருக்கும் நண்பரின் அறையில் அந்த எண்ணம் உடைந்தது. அவருடையது ஆப்பிள் மேக். என் கட்டுரையின் மெய்ப்பைத் திருத்த உட்கார்ந்தவன் சன்னலின் இடது விளிம்பைப் பற்றி இழுத்தேன். அசையவில்லை. மேல் விளிம்பு, அதுவும் இல்லை. வலப்பக்கக் கீழ்மூலையில் மூன்று சாய்கோடுகள் கீறிய ஒரு சிறு இடம். அது ஒன்றுதான் பிடி. இடப்பக்கம் அகலம் வேண்டுமென்றால் முதலில் சன்னலையே இடப்பக்கம் நகர்த்திவிட்டு, பிறகு கீழ்மூலைக்குப் போய் இழுக்க வேண்டும். சரி, முழுத்திரையாவது ஆக்கலாம் என்று மேலே இருந்த பச்சைப் பொட்டை அழுத்தினேன். சன்னல் சற்றே வளர்ந்து, பக்கத்தின் அகலத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினால் பழைய அளவு. கணினி பழுது என்றே முடிவு கட்டினேன்.

நண்பர் சிரித்தார். "ஏன் சார், பக்கம் எவ்வளவோ அவ்வளவுதானே சன்னல் வேணும்? மிச்ச எடத்துல இன்னொரு பக்கத்தை வச்சுக்கலாமே."

அந்தக் கேள்வி என்னோடு திருவண்ணாமலை வரை பேருந்தில் வந்தது. விண்டோஸில் 'பெரிதாக்கு' என்றால் திரை முழுவதையும் எடுத்துக்கொள் என்று பொருள். மேக்கில் உள்ளே இருப்பதற்கு வேண்டிய அளவு எடுத்துக்கொள் என்று பொருள். அளவை முடிவு செய்வது ஒன்றில் திரை, மற்றொன்றில் உள்ளடக்கம். இரண்டும் முறையான சிந்தனைகளே. ஆனால் ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் முடமாகிவிடுகின்றது. (ஆப்பிள் 2011இல் வெளிவந்த லயன் பதிப்பில் எல்லா விளிம்புகளையும் பிடிக்க அனுமதித்தது. 2014இல் யோசெமிட்டியில் பச்சைப் பொட்டும் முழுத்திரைக்கு மாறிப்போனது. நண்பர் அதைத் துரோகம் என்கிறார்.)

இவையெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தன, 2013 வரை.

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்தக் கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன: ஒன்று விண்டோஸ், மற்றொன்று சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ். கணினியை இயக்கியதும் எந்தப் பக்கம் போகலாம் என்று அதுவே கேட்கும். எம் மாணவர் பெரும்பாலோர் பாஸ் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை.

இளங்கலைத் தமிழ் மாணவர்களுக்கு அவ்வாண்டு ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். அருணகிரிநாதர் நம் ஊர்க்காரர் என்பது மரபு. திருப்புகழின் பழைய அச்சுப் பதிப்பொன்றின் ஒளிவருடிய பக்கங்களைத் திரையின் இடப்பக்கம் வைத்துக்கொண்டு, வலப்பக்கச் சன்னலில் ஆளுக்கு இருபது பாடல் தட்டச்சு செய்ய வேண்டும். தட்டச்சு மையத்தில் பழைய எழுத்துருவில் கற்றவர்கள், ஒரு மாற்றி நிரலின் வழியாக ஒருங்குறிக்கு மாற்றித் தர வேண்டும். சன்னலைச் சுருக்கும்போதெல்லாம் திருப்புகழின் நெடிய சந்த அடி பாதியில் முறிந்து கீழே விழுவதைக் கண்டு மாணவர்கள் சலித்துக்கொண்டார்கள். ஏட்டுச்சுவடியிலும் இதுதான் கதை என்றேன். எழுதுபவர் ஓலை முடியும் இடத்தில் மடக்கி அடுத்த வரிக்குப் போய்விடுவார். அடி எங்கே முடிகிறது என்பது யாப்பு அறிந்தவன் தேடிக்கொள்ள வேண்டியது. அடியின் நீளம் கவிஞனுடையது, வரியின் நீளம் பனையினுடையது. வகுப்பில் இப்படிச் சொல்லிவிட்டு எனக்கு நானே மகிழ்ந்துகொண்டேன்.

ஒரு மாணவி மட்டும் இருபது பாடல்களையும் தாளில் கையால் எழுதிக் கொடுத்தாள். தடித்த கண்ணாடி அணிபவள். செங்கம் பக்கத்திலிருந்து தினமும் பேருந்தில் வருபவள். "மாத்துறதுக்குப் பட்டன் இல்லீங்க ஐயா," என்றாள். எல்லாருக்கும் இருக்கும் பொத்தான் உனக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்று வகுப்பிலேயே கேட்டேன். சிலர் சிரித்தார்கள். அகமதிப்பீட்டில் இருபத்தைந்துக்குப் பதினான்கு போட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவளே மடிக்கணினியைத் துறைக்கு எடுத்துவந்து என் மேசையில் திறந்தாள். பொத்தான் உண்மையிலேயே இல்லை. கண் பார்வைக்காகத் திரை எழுத்துகளின் அளவை அவள் கூட்டியிருந்தாள். எழுத்தோடு சேர்ந்து அந்த மாற்றி நிரலின் சன்னலும் வளர்ந்து, திரையின் உயரத்தைத் தாண்டிவிட்டது. 'மாற்று' என்ற பொத்தான் திரைக்குக் கீழே, கண்ணுக்கும் சுட்டிக்கும் எட்டாத பாதாளத்தில் இருந்தது. சன்னலைச் சுருக்கலாமென்றால் அது அளவு மாற்ற முடியாதபடி நிரலரால் இறுக்கப்பட்ட சன்னல். விளிம்பில் இருதலை அம்பு தோன்றவே இல்லை. தலைப்புப் பட்டையைப் பிடித்து மேலே தள்ளினாலும் பட்டை திரையின் உச்சியைத் தாண்டிப் போக மறுத்தது.

பிறகு அவள் கணினியை மூடி, பாஸ் பக்கம் திறந்தாள். அங்கும் ஒரு பெரிய அமைப்புச் சன்னல் கீழே வழிந்தது. அவள் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, சன்னலின் நடுவயிற்றில் சுட்டியை வைத்து மேலே இழுத்தாள். தலைப்புப் பட்டை திரைக்கு மேலே மறைந்தது. கீழே இருந்த பொத்தான்கள் வெளியே வந்தன.

"இந்தப் பக்கம் தூக்க முடியுதுங்க ஐயா. அந்தப் பக்கம் முடியல."

நான்கு நாள் இரவு உட்கார்ந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் கண்டுபிடித்தது அது. பாஸில் அந்நாளில் இருந்த க்னோம் திரைச்சூழலில் சன்னலை எந்த இடத்திலும் பற்றலாம். ஆல்ட்டோடு எஃப்8 அழுத்தினால், சுட்டியே இல்லாமல் அம்பு விசைகளால் அளவையும் மாற்றலாம். விண்டோஸிலும் வழி இல்லாமல் இல்லை என்பதைக் கணினித்துறை நண்பர் மறுநாள் காட்டினார்: ஆல்ட்டையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும். அதில் நகர்த்து என்பதற்கு எம், பிறகு மேல் அம்பு. சன்னல் உச்சியைத் தாண்டிக்கொண்டு போகிறது. அளவு மாற்ற எஸ். சுட்டிக்கு மறுத்ததை விசைக்கு அனுமதிக்கிற இந்த ஏற்பாட்டின் நியாயம் எனக்கு இன்றும் விளங்கவில்லை. திரையில் எங்கும் எழுதியிராத வழியை வழி என்று சொல்லலாமா என்பதும் விளங்கவில்லை.

1985இல் வந்த முதல் விண்டோஸில் சன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. ஓடு பதித்தாற்போல் பக்கம் பக்கமாக நிற்கும். 1987இல் இரண்டாம் பதிப்பில்தான் ஏறிக்கொள்ளத் தொடங்கின. 2009இல் விண்டோஸ் 7, சன்னலைத் திரையோரம் மோதினால் பாதித் திரையில் ஒட்டிக்கொள்ளும் வசதியைத் தந்தது. மேக் அதற்கு 2024வரை, செக்கோயா பதிப்புவரை, காத்திருந்தது. பதிப்பொப்பீட்டு வேலைக்கு இதைவிட வேறு வரம் வேண்டாம். இடப்பக்கம் பழைய அச்சு, வலப்பக்கம் என் பிரதி என்று இப்போது நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய என் கண்ணுக்கும் இப்போது எழுத்தளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. கூட்டிய அன்றே ஒரு சன்னலின் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விட்டது.

அந்த மதிப்பெண்ணைத் திருத்த முயன்றேன். பட்டியல் முன்பே அனுப்பப்பட்டுவிட்டது. அவளிடம் சொன்னபோது, "பரவாயில்லீங்க ஐயா," என்று சொல்லிவிட்டு, இருபது பாடல்களையும் ஒருங்குறியில் மாற்றி வைத்திருந்த கோப்பை என் கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுச் செங்கம் பேருந்துக்குப் போனாள். அந்தக் கோப்பில் ஓர் அடிகூட முறிந்திருக்கவில்லை.