பாதி தூரத்துப் பரீட்சை

நமக்கும் ஓட்டத்துக்கும் உள்ள சம்பந்தம் மிகச் சொற்பம். பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் வருஷத்துக்கு ஒரு முறை நம் கையில் கடிகாரத்தைக் கொடுத்து, முடிவுக் கோட்டருகே நிற்க வைப்பார்கள். கணக்கு வாத்தியாரானால் வினாடிகளைச் சரியாகப் பார்ப்பார் என்று ஓர் எண்ணம். மற்றபடி, புறப்பட்டுவிட்ட பஸ்ஸின் பின்னால் நாற்பது அடி ஓடி, மூச்சு வாங்க நின்று, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பதே நம்முடைய தேகப் பயிற்சி. அப்படிப்பட்ட நாம் 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 7-ஆம் தேதி பின்னிரவு இரண்டரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து, ஜப்பான் தேசத்தில் பெண்கள் மாரத்தான் ஓடுவதைப் பார்த்தோம் என்றால், நேயர்கள் நம்ப மறுப்பது நியாயந்தான். வீட்டு அம்மாளும் நம்பவில்லை. "உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?" என்று கேட்டாள். இல்லை என்றோம். காப்பி போடுவதற்கு இது வேளையல்ல என்பதைத் தெரிவித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக் கொண்டாள்.

நம்மை அந்த நேரத்தில் எழுப்பியது ஓட்டத்தின் மேலுள்ள பிரியம் அல்ல. ஒரு பரீட்சை விதி. அதைப் பற்றி நமக்குச் சொன்னவன் நம் மூத்த பையன். விளையாட்டுச் செய்திகளைக் கரைத்துக் குடித்தவன் அவன்.

அமெரிக்காவில் ஒலிம்பிக் மாரத்தானுக்கு ஆட்களைப் பொறுக்குவதற்குக் கமிட்டி கூடிச் சிபார்சு செய்வதெல்லாம் கிடையாது. ஒரே நாள், ஒரே பாதை. ஆண்களில் முதல் மூவர், பெண்களில் முதல் மூவர்; சர்வதேச நிபந்தனை பூர்த்தியாகியிருந்தால் அவர்களே தேசத்தின் பிரதிநிதிகள். ஆனால் அந்தத் தேர்வுப் பந்தயத்தில் கால் வைப்பதற்கே ஒரு தகுதி வேண்டும். 2020-ஆம் வருஷத் தேர்வுக்குப் பெண்கள் முழு மாரத்தான் தூரமாகிய 42.195 கிலோமீட்டரை 2 மணி 45 நிமிஷத்துக்குள் ஓடிக் காட்டியிருக்க வேண்டும். அல்லது அரை மாரத்தானை, அதாவது 21.0975 கிலோமீட்டரை, 1 மணி 13 நிமிஷத்துக்குள் ஓடிக் காட்டியிருந்தாலும் போதும்.

இந்த "அல்லது" என்ற வார்த்தைதான் நம்மைக் குத்தியது. பாதி தூரம் ஓடியவளை முழுத் தூரத்துக்குத் தகுதியுடையவள் என்று எப்படிச் சொல்லலாம்? அரைக் கிணறு தாண்டியவனின் கதி என்னவென்று உலகத்துக்குத் தெரியாதா? மாரத்தானில் விபரீதம் எல்லாம் நடப்பது முப்பதாவது கிலோமீட்டருக்கு மேலேதான் என்கிறார்கள். தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்த சர்க்கரைச் சத்து அந்த இடத்தில் ஏறக்குறையத் தீர்ந்து போகிறது. கால் ஈயமாகக் கனக்கிறது. நேற்று வரையில் மானாக ஓடியவர்கள் மாடாக நடக்கிறார்கள். அரை மாரத்தானில் அந்த இடமே வருவதில்லை. ஆகவே இந்த விதி பெரிய அசட்டுத்தனம் என்று பையனிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டோம்.

"அப்பா, கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்றான் அவன்.

போட்டோம். 1 மணி 13 நிமிஷம் என்றால் நூறு மீட்டருக்கு 21 வினாடிக்குச் சற்றுக் குறைவு. நம் பள்ளிக்கூட மைதானத்தில் நூறு மீட்டரை இந்த வேகத்தில் ஓடி முடித்து, நிற்காமல், அதையே இன்னும் இருநூற்றுப் பத்து தடவை ஓட வேண்டும். முழு மாரத்தான் வழியாக வருகிறவளுக்கோ நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 23½ வினாடி இருந்தால் போதும். தூரம் பாதியாக இருந்தாலும், வாசற்படியின் உயரம் அதிகந்தான். சலுகை என்று நாம் நினைத்தது சலுகையே அல்ல. குறுகிய தூரங்களில் பெயர் எடுத்து, மாரத்தான் பக்கமே போகாதவர்களுக்கும் ஒரு கதவு இருக்கட்டும் என்று வைத்த ஏற்பாடு. முழு மாரத்தான் ஒன்றை ஓடிவிட்டால் உடம்பு பழைய நிலைக்கு வர வாரக் கணக்காகும் என்பதையும் சேர்த்து நினைத்தால், அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அந்தக் கதவின் வழியாக வந்தவர்களில் ஒருவர் மாலி ஸைடல். விஸ்கான்ஸின் மாகாணத்துப் பெண். கல்லூரி நாளில், 2015-இல், காடு மேடு ஓட்டத்தில் தேசிய முதன்மை பெற்றவர். பிறகு காயங்கள், மனவேதனை, வைத்தியம் என்று சில வருஷங்கள் போயின. பாஸ்டன் நகரத்தில் ஒரு காப்பிக் கடையிலும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலும் காலத்தை ஓட்டியபடியே பயிற்சி செய்து வந்தார். 2019-ஆம் வருஷம் டிஸம்பர் மாதம் ஸான் அந்தோனியோவில் நடந்த அரை மாரத்தானை 1 மணி 10 நிமிஷம் 27 வினாடியில் ஓடினார். தகுதி கிடைத்துவிட்டது. அதுவரையில் அவர் ஒரு முழு மாரத்தான்கூட ஓடியதில்லை!

"எந்த மாதம் என்றாய்?" என்று பையனைக் கேட்டோம்.

"டிஸம்பர் 2019."

அதற்குப் பிறகு நமக்குப் பேச்சு எழவில்லை. பையன் காரணம் தெரியாமல் விழித்தான். அந்த டிஸம்பரில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அவனுக்குத் தெரியாது.

பத்தாம் வகுப்பு அரையாண்டுக் கணக்கு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். இந்த விஷயத்தில் நமக்கென்று ஒரு சித்தாந்தம் உண்டு. அரையாண்டில் கையை இறுக்க வேண்டும்; அப்போதுதான் பிள்ளைகள் தை மாதத்துக்குப் பிறகு விழித்துக்கொண்டு படிப்பார்கள். விடை சரியாயிருந்து நடுவில் ஒரு படி விட்டுப் போயிருந்தால், பொதுத் தேர்வின் விடைக்குறிப்பு இரண்டு மார்க்குக் கொடுக்கச் சொல்லும். நாம் கொடுக்க மாட்டோம். இருபது வருஷமாக இப்படித்தான். பயன் தெரிந்த முறை என்பதில் நமக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கொஞ்சம் கர்வமும் உண்டு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

அந்தக் கட்டில் ஒரு பெண்ணின் தாள். மெதுவாகச் சூடேறும் சுபாவம் அவளுக்கு. ஐப்பசி வரையில் தூங்குவாள், மாசியில் எல்லோரையும் தாண்டிப் போய்விடுவாள். ஒன்பதாம் வகுப்பிலும் அப்படித்தான் நடந்தது. அரையாண்டில் அவளுக்கு 47 போட்டோம். நியாயப்படி 56 வந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் நடந்த திருப்புதல் தேர்வில் 81 வாங்கினாள். நம் சித்தாந்தம் ஜயித்தது என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டோம்.

பிறகு நடந்தது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். கொரோனா வந்தது. மார்ச்சில் தொடங்க வேண்டிய பொதுத் தேர்வு தள்ளிப் போய், 2020 ஜூன் மாதம் ரத்தே ஆகிவிட்டது. எல்லோரும் தேர்ச்சி; மார்க்குக்கு மட்டும் ஒரு சூத்திரம். காலாண்டு, அரையாண்டுப் பரீட்சைகளுக்கு 80 பங்கு, வருகைக்கு 20 பங்கு. திருப்புதல் தேர்வு கணக்கில் இல்லை. நோய்க் காலத்தில் அரசாங்கம் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால், அதற்கு நம்மிடம் பதில் இல்லை. ஆனால் நாம் பயமுறுத்துவதற்காகப் போட்ட 47, சான்றிதழுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ரிஜிஸ்தரில் ஏறிய மார்க்கைத் திருத்துவது குற்றம், நாம் திருத்தவில்லை. அந்த ரிஜிஸ்தரை இரண்டு தடவை எடுத்து, பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தோம் என்பது மட்டும் உண்மை.

நம்முடையது பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் உயர்நிலைப் பள்ளி. மேலே படிக்கப் போன இடத்தில் மார்க்கு வரிசைப்படி பிரித்தார்கள். அவள் கேட்டது கணக்கும் விஞ்ஞானமும், கிடைத்தது வணிகவியல்.

ஆகவே அந்த ஆகஸ்டு இரவில் நாம் பார்க்க உட்கார்ந்தது ஸைடலை மட்டும் அல்ல என்று சொல்லிவிடுகிறோம். 2020 பிப்ரவரி 29-ஆம் தேதி அட்லாண்டா நகரத்தின் மேடு பள்ளங்களில் நடந்த தேர்வுப் பந்தயத்தில் அவர் இரண்டாவதாக வந்திருந்தார். நேரம் 2 மணி 27 நிமிஷம் 31 வினாடி. முதலாவதாக வந்த அலிஃபின் துலியமூக்குக்கும் அவருக்கும் இடையில் எட்டே வினாடி. அந்த நேரத்தை இரண்டாக வகுத்துப் பார்த்தோம். 1 மணி 13 நிமிஷம் 45½ வினாடி. அதாவது, அரை மாரத்தானுக்கென்று வைத்த அளவை ஏறக்குறைய அப்படியே இரண்டு முறை, ஒன்றன் பின் ஒன்றாக, ஓடித் தள்ளியிருக்கிறார்! முதல் மாரத்தானிலேயே!

ஒலிம்பிக் ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. டோக்கியோவின் உஷ்ணத்துக்குப் பயந்து மாரத்தானை வடக்கே ஸப்போரோ நகரத்துக்கு மாற்றினார்கள். அங்கும் வெயில் கடுமையாகும் என்று, முதல் நாள் இரவுதான், புறப்படும் நேரத்தை ஒரு மணி முன்னதாகத் தள்ளினார்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். ஆளுக்கு ஆள் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சிலர் நின்றுவிட்டார்கள். அட்லாண்டாவில் முதலாவதாக வந்த துலியமூக், அந்த வருஷம் ஜனவரியில்தான் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானவர், ஓட்டத்தை முடிக்க முடியாமல் விலகினார். ஸைடல் மட்டும் கென்யா தேசத்து வீராங்கனைகளை விடாமல் பின்பற்றினார். கடைசியில் பெரெஸ் ஜெப்சிர்சிர் முதல், பிரிஜிட் கோஸ்கி இரண்டாவது, 2 மணி 27 நிமிஷம் 46 வினாடியில் ஸைடல் மூன்றாவது. வாழ்க்கையில் அது அவருடைய மூன்றாவது மாரத்தான். கோட்டைத் தாண்டும்போது அவர் கூச்சல் போட்டார். நாமும் ஏதோ சத்தம் போட்டிருக்க வேண்டும்; வீட்டு அம்மாள் எழுந்து வந்து, இனித் தூங்கிப் பயனில்லை என்று அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அன்று மாலை நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கியதும் ஊரே கொண்டாடியது, நாமும் கொண்டாடினோம். ஆனால் காப்பி குடிக்கும்போது யோசித்ததை விட முடியவில்லை. அந்த ஊர்க்காரர்களின் பாதிப் பரீட்சைக்கும் நம்முடைய பாதிப் பரீட்சைக்கும் உள்ள பேதம் இதுதான்: எவ்வளவு வேகமாக ஓடினால் கதவு திறக்கும் என்பதை அவர்கள் முன்கூட்டியே எழுதி ஒட்டியிருந்தார்கள், கதவைத் தாண்டிய பிறகு முழுத் தூரத்தையும் ஓடச் சொன்னார்கள். நம் பெண்ணுக்கு அது ஓட்டம் என்றே யாரும் சொல்லவில்லை. பயிற்சி என்று சொல்லி ஓடவிட்டு, பாதியில் பந்தயம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டோம். கடிகாரத்தைப் பிடித்திருந்தவர் வேறு, வேண்டுமென்றே சில வினாடிகளைக் கூட்டிப் போட்டவர்.

2024 பிப்ரவரியில் ஆர்லாண்டோவில் நடந்த தேர்வைப் பற்றியும் பையன் சொன்னான். இந்தத் தடவை பெண்களுக்கான அரை மாரத்தான் அளவு 1 மணி 12 நிமிஷம். அதன் வழியாக வந்த ஃபியோனா ஓ'கீஃப் என்பவர் தம் முதல் மாரத்தானையே 2 மணி 22 நிமிஷம் 10 வினாடியில் ஓடி முதலாவதாக வந்தாராம். பிறகு பாரிஸில் உடம்பு ஒத்துழைக்காமல் பாதியிலே விலகினார் என்பதையும் அவன் மறைக்கவில்லை. ஸைடல் முழங்கால் காயத்தால் ஆர்லாண்டோவில் ஓடவே இல்லை. விதி எதுவாயிருந்தாலும் கால் தன் இஷ்டப்படிதான் நடக்கிறது.

2025-இல் ஒரு நாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. "ஸார், சௌக்கியமா?" என்று அருகில் வந்தாள். நமக்கு மென்று முழுங்கிக் கொண்டிருக்க முடியவில்லை. ஒன்பது மார்க்கு விஷயத்தைச் சொல்லிவிட்டோம்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீங்கள் இறுக்கிப் போடுவீர்கள் என்று வகுப்புக்கே தெரியும், ஸார். மார்ச்சில் காட்டிவிடலாம் என்றுதான் நானும் விட்டுவிட்டேன்" என்றாள். பிறகு, "ஒன்பதா? நான் ஐந்து என்று நினைத்திருந்தேன்" என்றாள். சிரித்தாளா என்பதை நம்மால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. பஸ் வந்து, நிறுத்தாமல் சற்றுத் தள்ளிப் போய் மெதுவாகிற்று. "வருகிறேன், ஸார்" என்று ஓடிப் போய் ஏறிக்கொண்டாள். நாமும் அந்தப் பஸ்ஸில்தான் போக வேண்டியிருந்தது. அடுத்ததற்கு நின்றோம்.