ஏலமலைச் சுதந்தரம்

தந்தைக்குப்பின் மக்களைச் சேரும் உடைமைக்கு நம் தமிழ் வேதாகமம் வழங்கும் சொல் 'சுதந்தரம்' என்பது; அதனைப் பெறுவோன் 'சுதந்தரவாளி' எனப்படுவான். சங்க நூல்களில் அவ்வுரிமைக்குத் 'தாயம்' என்று பெயர். 'தாயாதி' என்னும் சொல் இன்றும் ஊர்களில் வழங்குகின்றது. அது வழங்குமிடத்துப் பெரும்பாலும் ஒரு வழக்கும் உடன் நடக்கும். இச்சொற்கள் நூலளவில் நிற்குங்கால் இனியனவே. ஆயின் போடிநாயக்கனூரில் பிறந்தார்க்கு இவை நூலளவில் நிற்பனவல்ல. எம் ஊரார் பலர்க்கு மலையடிவாரத்தில் தென்னையோ மாவோ இருக்கும். போடிமெட்டைக் கடந்தால் மேலே ஏலத்தோட்டம் இருக்கும். வீடு ஒரு சீமையிலும் விளைவு மற்றொரு சீமையிலுமாக வாழ்ந்த இம்மக்களுள் கிறிஸ்தவன் ஒருவன் இறப்பின், அவன் நிலம் யாரைச் சேரும் என்னும் கேள்விக்கு மெட்டுக்குக் கீழே ஒரு விடையும் மேலே வேறொரு விடையும் இருந்தன. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கீழே இருந்த விடை ஆங்கிலேயர் தந்தது. ஆதலின் அவர் தம் நாட்டில் நிலம் எவ்வாறு கைமாறியது என்பதை முதற்கண் காண்டல் வேண்டும். ஆங்கில நாட்டுச் சிற்றூரில் நிலக்கிழார் ஒருவர் உயில் எழுதாது இறப்பின், நிலம் முழுவதும் மூத்த மைந்தனுக்கே. இளையோர் குருத்துவத்துக்கோ படைக்கோ கடல் கடந்த நாடுகளுக்கோ போயினர். கென்ட் என்னும் பகுதியில் மட்டும் மைந்தர் யாவரும் சமமாகப் பங்கிடும் வழக்கம் இருந்தது. கைம்பெண்ணுக்கு மூன்றிலொரு பகுதியின் பயன் உயிருள்ளவரை உண்டு, நிலம் அவளதன்று. 1540-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தை உயிலால் கொடுக்க இடமளித்தது. எனினும் பெருங்குடியினர், தலைமுறைதோறும் ஆண்வழியிலேயே நிலம் செல்லுமாறு பத்திரங்களால் அதனைப் பிணித்து வைத்தனர். ஜேன் ஆஸ்டின் அம்மையார் 1813-இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்னும் நாவலில் தாயார் படும் கவலைக்கெல்லாம் இதுவே காரணம். ஐந்து பெண்மக்கள் உள்ள வீடு, தந்தைக்குப்பின் உறவினன் ஒருவனைச் சேரவேண்டியிருந்தது. ஐந்து பெண்கள் என்றவுடன் வேதமறிந்தார்க்கு எண்ணாகமத்தில் வரும் செலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் நினைவுக்கு வருவர். அவர்கள் மோசேயின் முன் நின்று வாய்திறந்து கேட்டனர், பெற்றனர். ஆங்கிலப் பெண்கள் ஐவருக்கோ சென்று கேட்க ஓரிடமில்லை. நல்ல கணவர் வாய்த்தலே புகலிடமாயிற்று.

பணம், பண்டம், கால்நடை முதலிய அசையும் பொருளுக்கு அந்நாட்டு விதி வேறாக இருந்தது. 1670-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றிலொன்று; எஞ்சிய இரு கூறும் ஆண் பெண் என்னும் வேற்றுமையின்றி மக்களுக்குச் சமமாக. அஃதாவது, ஆட்டிலும் மாட்டிலும் மகளுக்குப் பங்குண்டு. அவை மேயும் நிலத்தில் இல்லை.

மூத்தவனுக்கே என்னும் வழக்கம் எம் ஊருக்கும் புதிதன்று. போடி பழைய பாளையப்பட்டு, பின்னர் ஜமீன். பாளையங்களில் பட்டத்துக்குரியவன் ஒருவனே. மற்றையோர் அவனை அண்டி வாழ்ந்தனர். சென்னை மாகாணத்தின் 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அக்கதை முடிந்தது.

கிறிஸ்தவர்களாகிய நம் முன்னோர் எவ்விதிக்கு உட்பட்டவர் என்பது நெடுங்காலம் தெளிவுபடவில்லை. பல்லாரியில் மாத்தியு ஏபிரகாம் என்னும் இந்தியக் கிறிஸ்தவ வணிகர் 1842-இல் உயிலின்றி இறந்தார். அவர் மனைவியார் சார்லட் அம்மையாருக்கும் உடன்பிறந்தார் பிரான்சிஸ் என்பாருக்கும் இடையே எழுந்த வழக்கு, இலண்டனிலுள்ள பிரிவி கௌன்சில் வரை சென்று 1863-இல் தீர்ந்தது. கிறிஸ்தவராயினார் இந்து தர்மசாஸ்திரத்தின் கட்டினின்று விடுபடுகின்றனர். ஆயினும் விரும்பின் பழைய வழக்கத்தைக் கைக்கொள்ளலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். இரண்டாண்டில், 1865-இல், இந்திய வாரிசுரிமைச் சட்டம் பிறந்தது. இன்று நடைமுறையிலுள்ள 1925-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வழிவந்ததே. இச்சட்டத்தை இயற்றியோர், தம் நாட்டில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருந்த விதியை எடுத்து நிலத்துக்கும் உரியதாக்கினர். ஆகவே இந்தியக் கிறிஸ்தவன் உயிலின்றி இறப்பின், மனைவிக்கு மூன்றிலொன்று போக, மகனும் மகளும் நிலத்தில் ஒரே அளவு பெறலாயினர். மூத்த மைந்தனின் தனியுரிமை ஆங்கில நாட்டில் ஒழிந்தது 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தால். அது 1926-ஆம் ஆண்டு பிறந்தபின்னரே நடைமுறைக்கு வந்தது. தம் பெண்களுக்குக் கொடாததை அறுபதாண்டு முன்னரே நம் பெண்களுக்குக் கொடுத்தனர். அது பெருந்தன்மையோ, தம் வீட்டு நிலம் இதிற்படாது என்னும் துணிவோ, யாம் அறியோம், கிடைத்தது நன்றே.

ஏலமலைக்கு அப்பால் கண்ணன் தேவன் மலையில் ஆங்கிலேயர் தாமே நிலக்கிழாராயினர். ஜான் டேனியல் மன்றோ என்பார் 1877-இல் பூஞ்சாற்று அரசரிடம் அம்மலையைக் குத்தகையாகப் பெற்றார். ஆனால் அந்நிலம் மக்களுக்கும் பேரர்க்கும் செல்லவில்லை; 1897-இல் ஏற்பட்ட கம்பெனியின் கைக்குப் போயிற்று. கம்பெனிக்குச் சாவில்லை, ஆதலின் தாயாதியுமில்லை.

இனி மெட்டுக்கு மேலே. ஏலமலை 1956 வரை கேரளம் அன்று. முன்னர்த் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கே 1916-இல் கிறிஸ்தவ வாரிசுரிமைக்குத் தனிச்சட்டம் செய்தனர். அதன்படி நிலம் மைந்தர்க்கே. மகளுக்குச் சீதனம் மட்டும். அதுவும் மகனது பங்கின் மதிப்பில் நான்கிலொன்று, அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது. கைம்பெண்ணின் உரிமை சாகுமளவும், அல்லது மறுமணம் செய்யுமளவும்.

எம் பாட்டனாரின் தந்தையார் 1948-இல் உயிலின்றி இறந்தார். மனைவியும் இரு மைந்தரும் ஒரு மகளும் எஞ்சினர். போடியில் ஒன்பது ஏக்கர் தோப்பு இருந்தது. கணக்கு எளிது: மனைவிக்கு மூன்று ஏக்கர், மக்கள் மூவர்க்கும் இவ்விரண்டு ஏக்கர். மேலே இருந்த ஏலத்தோட்டமோ இரு மைந்தருக்கே சென்றது. பாட்டனாரின் தங்கையார் மணம் முடிந்தபோது அதற்கு ஈடாகப் பெற்றது 1,200 ரூபாய். எவரும் அவரை வஞ்சித்தாரல்லர். இரண்டிடத்தும் சட்டப்படியே நடந்தது. கொண்டையூசி வளைவுகளை ஏறுவதற்குள் ஒருத்தி மகள் என்னும் நிலையினின்று இறங்கினாள் என்பதுதான் எமக்கு வியப்பு.

இதனை மாற்றியவர் கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய் அம்மையார். அவர் தந்தையாரின் வீடு ஒன்று உதகமண்டலத்தில் இருந்தது; மற்றைச் சொத்து கோட்டயத்தில். எம் வீட்டுக் கதையேதான். அவர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1986 பிப்ரவரி 24-இல் தீர்ப்பளித்தது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே திருவிதாங்கூர்ப் பகுதிக்கும் நீட்டப்பட்டுவிட்டது. அன்றே சமஸ்தானச் சட்டம் மாண்டது என்று நீதிபதிகள் கண்டனர். முப்பத்தைந்து ஆண்டாக மாண்ட சட்டத்தைக் கொண்டு பாகம் பிரித்து வந்தனர்! பாட்டனாரின் தங்கையாருக்கு இதனாற் பயனில்லை. அவர் தந்தையார் மூன்றாண்டு முந்தி இறந்துவிட்டார். மேரி ராய் அம்மையார் 2022-இல் மறைந்தார்.

இப்போது மேலும் கீழும் சட்டம் ஒன்றே. சென்ற ஆண்டு எம் பாட்டனார் உயிலின்றிக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பாட்டியார் முன்னரே மறைந்தமையால், எம் தந்தையார், சிற்றப்பா, திருநெல்வேலியில் வாழும் அத்தை ஆகிய மூவர்க்கும் எல்லாவற்றிலும் மூன்றிலொன்று. தோப்பில் எவர்க்கும் மாறுபாடில்லை. ஏலத்தோட்டத்துக்கு மட்டும் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டு அத்தையின் கையொப்பத்துக்குக் காத்திருக்கின்றது. அத்தைக்கு நகை போட்டுக் கலியாணம் செய்தாயிற்றே என்பது சிற்றப்பாவின் வாதம். சகோதரனிடம் பாகம் வாங்கித் தருமாறு கேட்டவனுக்கு ஆண்டவர் இணங்கவில்லை என்று லூக்காவையும் எடுத்துக் காட்டினார். அவ்விடத்து ஆண்டவர் எச்சரித்தது பொருளாசையைக் குறித்து. பொருளாசை கேட்பவர்க்கு மட்டும் உரியதென்று அங்கே சொல்லவில்லை.

எம் தந்தையாரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. தோட்டத்தை மூன்றாக வெட்டினால் காய் உலர்த்தும் ஸ்டோர் யாருக்கு, ஓடைநீர் யாருக்கு, ஜீப்பு ஏறும் பாதை யாருக்கு என்றார். ஆங்கில நிலக்கிழாரும் மூத்தவனுக்கே கொடுத்தற்கு இக்காரணமே சொல்லியிருப்பர். ஆயினும் ஸ்டோரைப் பிரிக்க முடியாதென்றால் வரும்படியைப் பிரிக்கலாமன்றோ? இரு சகோதரர் பொதுவில் வைத்து நடத்தக்கூடிய தோட்டம் மூவர்க்குப் பொதுவாதல் எங்ஙனம் தடைப்படும்? அத்தை விட்டுக்கொடுக்கும் பங்கில் ஒரு கூறு பின்னாளில் எம்மையும் சேரும். அதனை அறிந்தே இதனை எழுதுகின்றோம். தந்தையாரிடமும் சொன்னோம். அவர் மறுமொழி கூறாது, கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தார்.

சென்ற மாதம் அத்தை வந்தார். பத்திரத்தை முழுதும் படித்துவிட்டு, "அண்ணே, எதை விடுதலை பண்ணுகிறேன் என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போட்டுத் தருகிறேன்" என்றார். மறுநாள் விடியலில், காயெடுக்கச் செல்லும் பெண்களோடு ஜீப்பில் ஏறிச் சென்றார்; யாமும் உடன் சென்றோம். சிறுமியாயிருந்தபோது கண்டபின் அத்தோட்டத்தை அவர் அன்றுதான் கண்டார். ஸ்டோரில் நின்று, எத்தனை கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய் வரும் என்று கங்காணியைக் கேட்டார். ஏறக்குறைய ஐந்து என்றார் அவர். மாலையில் இறங்கி வந்ததும் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். பத்திரம் எம் தந்தையாரின் மேசையறையில் அப்படியே இருக்கின்றது. சென்ற சனிக்கிழமை தொலைபேசியில் எம்மை அழைத்து, படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்தபின், போடி ஏலத்தில் அந்த வாரம் காய் என்ன விலை போயிற்று என்று கேட்டார்.