செல்லுக்குள் செல்!

உங்கள் உடம்புக்குள் நீங்கள் எப்போதாவது போய்ப் பார்த்ததுண்டா? டாக்டர் பார்த்திருப்பார். ஸ்கேன் எடுப்பவர் எட்டிப் பார்த்திருப்பார். சொந்தக்காரர் மட்டும் வாசலிலேயே நிற்கிறோம், வாடகைக்கு விட்ட வீட்டைப் பார்க்க வந்த ஹவுஸ் ஓனர் மாதிரி.

இந்த ஆசை பழசு. 1966-ல் 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' என்று ஒரு ஹாலிவுட் படம் வந்தது. ஒரு நீர்மூழ்கிக் கப்பலை ஆட்களோடு சேர்த்துக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கி, ஒரு விஞ்ஞானியின் ரத்தக்குழாய்க்குள் ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் மூளையில் இருக்கும் ரத்தக்கட்டியைச் சரிசெய்துவிட்டுத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயே பழைய சைஸுக்கு வளர்ந்துவிடுவார்கள். பேஷன்ட் கதி என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

2015-ல் அந்தக் கப்பலைச் செல்போனுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 'இன்செல்' என்று ஒரு விளையாட்டு. நிவால் கம்பெனி தயாரிப்பு. மனித செல்லுக்குள் நீங்கள் பறக்கிறீர்கள். வைரஸ் முன்னேறுவதற்குள் முந்திக்கொண்டு அதைத் தடுக்க வேண்டும். ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. தலையை எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கம் வண்டி போகும். நம்ம ஊர் ஷேர் ஆட்டோவுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதில் கூட்டம் இல்லை.

பார்ப்பதற்கு ஓர் அட்டைப்பெட்டி போதும். கூகுள் 2014-ல் கொண்டுவந்த 'கார்ட்போர்டு'. கொஞ்சம் அட்டை, இரண்டு லென்ஸ், அவ்வளவுதான். போனை உள்ளே செருகிக் கண்ணில் வைத்தால் விர்ச்சுவல் ரியாலிட்டி தயார். (2021-ல் கூகுள் அதை விற்பதையே நிறுத்திவிட்டது.) 2019-ல் என் அக்கா மகன் அதே மாதிரி ஒரு பெட்டியோடு வில்லாபுரம் ஹவுசிங் போர்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினான். ஒரு வாரம் வீட்டில் சீரியல் ஓடவில்லை.

முதல் விமர்சனம் அம்மாவுடையது. இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கழற்றினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு எடத்துலயாவது தரை இருக்கா? கால எங்க வைக்கிறதாம்?"

அத்தான் நின்றுகொண்டே விளையாடினார். வைரஸைத் துரத்திக்கொண்டு போய் ஃப்ரிட்ஜில் மோதினார். வைரஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பக்கத்து வீட்டில் ஊதுபத்தி உருட்டும் ஆச்சி கை கழுவிவிட்டு வந்து பார்த்தார். "ஆத்தீ! உள்ள இம்புட்டு வெளிச்சமா? அங்க மட்டும் கரன்ட்டே போகாதோ?" என்றார்.

மறுநாள் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு வேளையில் வரிசை கட்டி நின்றார்கள். எங்கள் சூப்பரின்டெண்டென்ட் மிகவும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் ஒரே ஆளே துரத்தணுமா? வைரஸுக்குன்னு தனி செக்‌ஷன் கிடையாதா?" என்று கேட்டார். (உண்டு சார். வெள்ளை அணுக்கள். அவர்களுக்கு லஞ்ச் அவர் கிடையாது.) அடுத்த ஸீட் நண்பர் தயிர்சாதத்தை முடித்த கையோடு உட்கார்ந்தார். மூன்றாவது நிமிஷம் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வாஷ்பேசின் பக்கம் நடந்தார். அதுதான் இருப்பதிலேயே நேர்மையான விமர்சனம்.

அவர் மேல் தப்பில்லை. கண் 'நாம் ஓடிக்கொண்டிருக்கிறோம்' என்கிறது. காதுக்குள் இருக்கிற பேலன்ஸ் பார்க்கும் உறுப்போ 'நாற்காலியில்தான் இருக்கிறோம்' என்கிறது. இரண்டு சாட்சியும் மாற்றிச் சொன்னால் மூளை குழம்பி, வயிற்றுக்குத் தண்டனை கொடுத்துவிடுகிறது. தலை திரும்பியதும் ஏறக்குறைய 20 மில்லி செகண்டுக்குள் படமும் திரும்ப வேண்டும். விலை மலிவான போன் அதற்குள் யோசித்து முடிப்பதில்லை. ஆகவே ஆசைப்படுபவர்கள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, வெறும் வயிறும் இல்லாமல் முழு வயிறும் இல்லாமல், ஐந்து நிமிஷத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னது வேடிக்கை. தாய்மாமா விஷயம் வேறு.

மாமாவுக்கு லேத் பட்டறை. அந்த வருஷம் அவருக்கு டி.பி. வந்திருந்தது. ஆறு மாசம் தினமும் மாத்திரை. இரண்டு மாசத்திலேயே இருமல் நின்றது, எடை கூடியது, பரோட்டா ருசித்தது. "இனி எதுக்குடா மாத்திரை? ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சு ஜூஸ் மாதிரி போகுது. பாக்கவே பயமா இருக்கு" என்று ஆரம்பித்துவிட்டார். (பயப்பட ஒன்றுமில்லை. ரிஃபாம்பிசின் மாத்திரையின் கலர் அது.) அத்தை அழுதுபார்த்தார். நர்ஸம்மா திட்டிப்பார்த்தார். அரசாங்கம் சத்தான சாப்பாட்டுக்கென்று அப்போது மாசம் 500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தது. 2024 நவம்பரில்தான் அது ஆயிரமானது. "அந்தக் காசுக்காகவாவது போடுங்க" என்று அக்காகூடச் சொல்லிப்பார்த்தாள். மாமா அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர் பெட்டியை வாங்கிக் கண்ணில் வைத்தார். ஐந்து நிமிஷம். தலை சுற்றவில்லை. லேத் ஓடுவதைப் பார்த்தே பழகிய கண்.

"மாப்ள, இதுல என் கிருமி எங்கடா?"

"இது வைரஸ் மாமா. உங்களது பாக்டீரியா. அதைவிடப் பெரிசு."

"பெரிசுன்னா? அளவு சொல்லு."

பட்டறைக்காரரிடம் அளவு சொல்வது சுலபம். அவர் மைக்ரோமீட்டரில் ஒரு கோடு என்பது 10 மைக்ரான். ரத்தச் சிவப்பணு அதைவிடச் சின்னது, 7 மைக்ரான். எல்லாவற்றையும் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கினோம். சிவப்பணு 7 மீட்டர் ஆனது, ஒரு பெரிய ஹால். வைரஸ் 10 சென்டிமீட்டர், ஒரு சாத்துக்குடி. ஒரு தலைமுடியின் கனம் 70 மீட்டர் என்று வைத்தால், மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைவிட உயரம். மாமா? கன்னியாகுமரியில் காலை வைத்துப் படுத்தால் தலை போபாலில் இருக்கும்.

"சரி, என் ஆளு?"

"மூணு மீட்டர் மாமா. ஒரு பெஞ்ச் நீளம். ஆனா அவன் வெளிய நிக்கிற ஆளு இல்ல. உங்க வெள்ளை அணுவுல ஒரு ஜாதி இருக்கு, கிருமிய முழுங்குறதுதான் அதோட வேலை. இவன் அதுக்குள்ளயே போய் ஒளிஞ்சுக்குவான். போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளயே திருடன் பாய் விரிச்சுப் படுத்த மாதிரி."

மாமா மறுபடி பெட்டியை மாட்டிக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். விளையாட்டில் காட்டுவது போல உள்ளே காலியான நெடுஞ்சாலை கிடையாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகையில் இருக்குமே, அந்த நெரிசல். வைரஸுக்குப் பூசியிருக்கும் கலரும் பொய். ஒளியின் அலைநீளத்தைவிடச் சின்னதுக்குக் கலர் ஏது? சரக்குத் தூக்கும் ஒரு புரோட்டீன் மட்டும் நிஜமாகவே நூலேணி போன்ற இழையில் எட்டு எட்டு நானோமீட்டராக அடி வைத்து நடக்கிறது.

"மத்தக் கிருமிகள்ல பலது அரை மணி நேரத்துல ஒண்ணு ரெண்டாகும் மாமா. உங்க ஆளு சோம்பேறி. ஒரு தடவை ரெண்டாக முக்கா நாளுக்கு மேல ஆகும். சில பேரு வளராம தூங்கிக்கிட்டே கெடப்பாய்ங்க. மருந்து, வேலை செய்றவனத்தான் லேசாக் கொல்லும். தூங்குறவன் முழிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். அதான் ஆறு மாசம். நடுவுல விட்டா மிச்சம் இருக்கிறவன் மருந்துக்குப் பழகிட்டு வருவான். அப்புறம் இந்த மாத்திரை செல்லாது."

மாமா பதில் சொல்லவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காபி குடித்தார். பேச்சு அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக்குப் போய்விட்டது. அன்றே அவர் மனம் மாறினார் என்று எழுத ஆசைதான். மறுநாள் காலை அத்தை போன் செய்து, "என்னடா சொன்ன அவருகிட்ட? திட்டிக்கிட்டே மாத்திரை போட்டுட்டாரு" என்றார். அதற்கு அடுத்த நாளும் திட்டினார். போட்டார்.

ராபர்ட் கோக் இந்தக் கிருமியை 1882 மார்ச் 24 அன்று உலகத்துக்கு அறிவித்தார். அப்போது மருந்து இல்லை. மருந்து வந்த பிறகும் சானடோரியத்தில் மாசக்கணக்கில் படுக்க வேண்டும் என்றார்கள். வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று நிரூபித்த ஆராய்ச்சி, 1956-ல் நம்ம சென்னையில் ஆரம்பித்ததுதான். அதனால்தான் மாமா பட்டறையில் நின்றுகொண்டே குணமாக முடிந்தது. ஆனால் வீட்டில் சாப்பிடுவதில் ஒரு சிக்கல்: மாத்திரையை நிறுத்தவும் வீட்டிலேயே முடியும்.

கடைசி டெஸ்டில் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. காலி மாத்திரை அட்டைகளை எல்லாம் மாமா ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தார். எண்ணியும் வைத்திருந்தார்.

"மாப்ள, அந்த கேம் செஞ்சவய்ங்களப் பார்த்தா ஒண்ணு சொல்லு" என்றார். "கலரு நல்லாருக்கு, ஸ்பீடு நல்லாருக்கு. ஆனா அஞ்சு நிமிஷத்துல ஜெயிக்க விடுறாய்ங்க. அது தப்பு. நூத்தி அறுபத்தெட்டு நாளு ஆகணும்."