டான் காஞ்சிபுரமும் சித்தப்பாவும்

2017 ஜனவரி 28 விடிகாலை எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதிக்கிச்சே, ஞாபகம் இருக்கா? அதில் ஒண்ணோட பேரு டான் காஞ்சிபுரம். எங்க ஊர் பேரு! அப்போ இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டிருந்தேன். நண்பர்களோட எர்ணாவூர் கரைக்குப் போய் பக்கெட்டில் எண்ணெய் அள்ளினேன். தார் மாதிரி கசடு. ஓரிக்கை வந்து ரெண்டு நாளாகியும் கையில் வாடை போகலை.

இதை வச்சு ஒரு கதை எழுதணும்னு ரொம்ப நாள் ஆசை. அதுக்காக கடல் கதைகளா தேடிப் படிச்சேன். தகழியின் செம்மீனில் கடல் அம்மா. கரையில் மனைவி தடம் மாறினா, கடலுக்குப் போன புருஷனை விழுங்கிடுவா. (அதென்ன நியாயமோ!) வண்ணநிலவனின் கடல்புரத்தில் சண்டை வல்லத்துக்கும் லாஞ்சுக்கும். ஜோ டி குரூஸின் ஆழி சூழ் உலகில் கடல் சோறும் போடும், உயிரையும் எடுக்கும். மூணுமே அருமை. ஆனா மூணுலயும் கடல்தான் பெரிசு. மனுஷனால கடலுக்கு நோய் வருமாங்கற கேள்வி அந்தக் கதைகளோட மையத்தில் இல்லை. ஜப்பான்காரங்க பரவாயில்லை. 1954லேயே ஹைட்ரஜன் குண்டு சோதனை கிளப்பிவிட்ட காட்ஸில்லாவைக் காட்டிட்டாங்க. மியசாகியின் போன்யோவில் (2008) குட்டி மீன் கடலடிக் குப்பையில் மாட்டி, கண்ணாடி ஜாடிக்குள்ள சிக்கித் தவிக்கும்.

என் கதைக்கு வில்லன் கப்பல் கேப்டன். எழுதி முடிச்சு சித்தப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். பட்டு நூலுக்குச் சாயம் போடுறவர். முழுசா கேட்டுட்டு, "நல்லாருக்குடா. ஆமா, நம்ம சாயத் தண்ணி எங்க போவுது?"ன்னார்.

கால்வாய்க்கு. அங்கேருந்து பாலாறு. பாலாறுதான் பெரும்பாலும் வெறும் மணலாச்சே, கடல் எங்கேயோ இருக்குன்னு நினைச்சிருந்தேன். 2021 நவம்பர்ல அது கரை புரண்டு ஓடினதை இதே ஓரிக்கையில நின்னு போட்டோ எடுத்தவனும் நான்தான். அவ்வளவு தண்ணியும் வயலூர்கிட்ட கடலுக்குத்தானே போச்சு? மேல வாணியம்பாடி, ஆம்பூர் தோல் கழிவைப் பத்தி மட்டும் மணிக்கணக்கா பேசுவேன். அதுக்கு உச்ச நீதிமன்றம் 1996ல தீர்ப்பு சொன்னதுகூட அத்துப்படி. என் செமஸ்டர் ஃபீஸ் சித்தப்பா கட்டினது. அதாவது அரக்கும் மாம்பழ மஞ்சளும் கட்டினது.

கதையிலேர்ந்து கேப்டனைத் தூக்கிட்டேன். அந்த இடத்தில் சித்தப்பாவை வைக்க மனசு வரலை. என்னை வச்சு எழுதிப் பார்த்தேன், ரெண்டு பாரா தாண்டலை. மூணு மாசமா ஃபைல் அப்படியே கிடக்கு.

நேத்துகூட கேட்டார், "கதை என்னாச்சுடா?" விரல் நகத்துல நீலம் ஒட்டியிருந்துச்சு.