பார்வையின் தொலைவு

நுழையும்முன்

கைப்பேசி வந்தபின் ஒளிப்படம் எடுப்பது அன்றாடச் செயலாகிவிட்டது. ஆயினும், எவ்வளவு தொலைவில் நின்று எதைப் பார்ப்பது என்னும் வினாவே இன்றும் அக்கலையின் அடிப்படையாக விளங்குகிறது. வில்லையின் குவியத்தூரத்தைத் தேர்ந்தெடுப்பது, ஒருவர் தம் பார்வையைத் தாமே அறிந்துகொள்ளும் வழியாகவும் அமைகிறது.

ஒரு தேர், மூன்று படங்கள்

சித்திரைத் திருவிழாவில் அவிநாசித் தேர் நிலையைவிட்டு நகர்கிறது. தெருவோரத்தில் மூவர் படம் எடுக்கின்றனர் எனக் கொள்வோர்க்கு ஓர் உண்மை விளங்கும். ஒருவரின் படத்தில் தேரும் தெருவும் மக்கள்வெள்ளமும் ஒருசேர அடங்குகின்றன. மற்றொருவரின் படத்தில் வடம்பிடித்த பத்துக் கைகள் மட்டுமே உள்ளன. மூன்றாமவரோ, தாத்தாவின் தோளில் அமர்ந்து தேரை அண்ணாந்து பார்க்கும் குழந்தையின் முகத்தை மட்டும் எடுக்கிறார். தெருவும் ஒன்று, பொழுதும் ஒன்று, பார்வைகள் மூன்று.

தமிழ் மரபுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஒரே வாழ்வைச் சங்கப் புலவர்கள் அகம் என்றும் புறம் என்றும் இரண்டாக வகுத்துப் பாடினர். அகம், பெயர் சுட்டாது நெஞ்சின் அருகே நிற்கிறது. புறம், ஊரும் பேரும் போரும் கொடையும் புலப்படச் சற்று விலகி நிற்கிறது. புலவர்க்குத் திணை வகுத்துத் தந்த நிலையை, ஒளிப்படக் கலைஞர்க்குக் குவியத்தூரம் வகுத்துத் தருகிறது.

குவியத்தூரமும் கோணமும்

வெகுதொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்களை வில்லை ஒரு புள்ளியில் குவிக்கிறது. வில்லையின் மையத்திலிருந்து அப்புள்ளி வரையுள்ள தொலைவே குவியத்தூரம். அது மில்லிமீட்டரில் அளக்கப்படும். 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட படச்சட்டத்தில், 24 மி.மீ. வில்லை ஏறத்தாழ 84 பாகைக் கோணத்தைக் காண்கிறது. 50 மி.மீ. வில்லை 47 பாகையையும், 85 மி.மீ. வில்லை 28 பாகையையும் காண்கின்றன. 400 மி.மீ. வில்லைக்கு எட்டுவது 6 பாகை மட்டுமே. குவியத்தூரம் கூடக்கூட உருவம் பெரிதாகிறது, சூழல் விடைபெறுகிறது. கைப்பேசிகளின் முதன்மை வில்லைகள் பெரும்பாலும் 24 முதல் 28 மி.மீ. வில்லைகளுக்கு நிகரான அகன்ற கோணம் உடையவை.

நிற்குமிடமே பார்வை

தொலைவில் உள்ளதை அருகில் கொணர்வதே நீண்ட வில்லையின் பணி என்பது பலரின் எண்ணம். அது பாதி உண்மையே. வெள்ளியங்கிரி மலையின் பின்னணியில் ஓர் உழவர் நிற்கிறார். அகன்ற கோண வில்லையோடு அவரை நெருங்கி எடுத்தால், அவர் ஓங்கித் தோன்றுவார். மலை சிறுத்து அடிவானில் ஒடுங்கும். வெகுவாகப் பின்னே சென்று, நீண்ட வில்லையால் அதே உழவரை அதே அளவில் எடுத்தால், மலை அவர் முதுகுக்குப் பின்னே மதிலென எழும். மனிதரும் மாறவில்லை, மலையும் வளரவில்லை. படம் எடுப்பவர் நின்ற இடமே மாறியது. எனவே, வில்லையைத் தேர்ந்தெடுப்பவர் உண்மையில் தாம் நிற்கும் இடத்தையே தேர்ந்தெடுக்கிறார்.

தம் இடத்தைக் கண்டவர்கள்

பிரான்சு நாட்டுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரசோன், தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் லைக்கா ஒளிப்படக்கருவியையும் 50 மி.மீ. வில்லையையுமே நம்பியிருந்தார். 1950ஆம் ஆண்டு ஏப்ரலில் இரமண மகரிசியின் இறுதி நாள்களில் அவர் திருவண்ணாமலையில் இருந்து படங்கள் எடுத்தார். மிக நெருங்காமலும் மிக விலகாமலும் உடன் நிற்கும் ஒருவரின் பார்வை அவருடையது.

அதற்கு மாறானது மா. கிருஷ்ணனின் இடம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர் (1912–1996), ஆனைமலை, முதுமலைக் காடுகளில் யானைகளையும் பிற காட்டுயிர்களையும் கருப்பு வெள்ளையில் படம்பிடித்தார். யானைமீது அமர்ந்தும் நடந்தும் காட்டினுள் சென்றார். கடையில் கிடைத்த கருவிகள் அவர் பார்வைக்குப் போதவில்லை. பல கருவிகளின் உறுப்புகளைப் பொருத்தித் தமக்கென ஒன்றை உருவாக்கி, அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் இட்டார். கருவிக்கேற்பக் கண்ணை வளைக்காமல், கண்ணுக்கேற்பக் கருவியை அமைத்தவர் அவர்.

தொலைவின் அறம்

எவ்வளவு நெருங்கலாம் என்பது அழகைப் பற்றிய வினா மட்டுமன்று. வால்பாறையை அடுத்த புதுத்தோட்டப் பகுதியில் சோலைமந்திகள் சாலையோரம் வருவதுண்டு. கைப்பேசியின் அகன்ற கோணத்தில் அவை சிறிதாகவே தெரியும். பெரிதாக எடுக்க விரும்புவோர் நெருங்குகின்றனர். நெருங்கி வர உணவும் நீட்டுகின்றனர். உணவுக்குப் பழகிய மந்தி சாலையில் காத்திருக்கிறது, ஊர்தியில் அடிபடுகிறது. அங்கே விலகி நிற்பதே அன்பு. நீண்ட வில்லை இல்லையெனில், காட்டோடு சேர்ந்த சிறிய மந்தியே உண்மையான படம்.

மனிதரிடத்தில் இவ்வறம் தலைகீழாகலாம். ஈரோட்டு மஞ்சள் சந்தையில் மூட்டை சுமப்பவரை அவர் அறியாமல் தொலைவிலிருந்து எடுப்பது எளிது. 35 மி.மீ. வில்லையோடு செல்பவர் அவரை நெருங்கவேண்டும், முகம்பார்த்துப் பேசவேண்டும், இசைவு பெறவேண்டும். அப்போது படத்தில் இருப்பவர் காட்சிப்பொருள் அல்லர். தம்மைக் காண இசைந்த மனிதர்.

தன் பார்வையைத் தேர்தல்

தமக்குரிய குவியத்தூரத்தை அறிய விரும்பும் மாணவர், முன்னர் எடுத்த நூறு படங்களை விரித்துப் பார்க்கலாம். ஓரங்களை வெட்டி நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால், அவர் கண் நீண்ட வில்லையை நாடுகிறது. சட்டத்துக்கு வெளியே விடுபட்டதை எண்ணி வருந்தினால், அகன்ற கோணத்தை நாடுகிறது. பின்னர் ஒரு திங்கள் ஒரே குவியத்தூரத்தில் படம் எடுக்கலாம். அக்காலத்தில் உருவத்தைப் பெரிதாக்கத் திரையில் விரல்களை விரிக்காமல், கால்களால் நடந்து இடம் மாறவேண்டும். நாள் செல்லச்செல்ல, கருவியை உயர்த்தும் முன்பே சட்டத்தின் நான்கு எல்லைகளும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

விலை மிக்க வில்லையைப் பொருள் உள்ளவர் எவரும் வாங்கலாம். எதை நெருங்குவது, எதனிடமிருந்து விலகி நிற்பது என்னும் தெளிவு கடைகளில் கிடைப்பதன்று. பார்த்துப் பார்த்தே அது கைவரும்.