கீறுறதா, கோட் எழுதுறதா?

கோட் எழுதத் தொடங்க முதல் எவ்வளவு நாள் பேப்பரில கீறிக்கொண்டு இருக்கலாம்? பரந்தனில் ஒரு வாசிகசாலைக்குப் புத்தக இரவல் பதிவு மென்பொருள் செய்ய இறங்கின எங்கள் ஐந்து பேருக்குள்ளும் முதல் சண்டை இதிலதான் வந்தது. நாலு பேர் கலைப்பீடம். கோட் தெரிந்தவன் ஒருத்தன்தான், அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறவன். "ஒரு கிழமையில முடிச்சுத் தாறன். நீங்கள் கீறிக் கீறியே லீவை முடிச்சுப் போடாதேங்கோ" எண்டான்.

அவன் சொல்றதிலயும் நியாயம் இருக்கு. கீறுறது சுகம், அதில எதுவும் பிழைக்காது. ஆனால் ஐ.பி.எம்மில் ஓ.எஸ்/360 வேலையை நடத்தின பிரெட் புரூக்ஸ், 1975இல் வந்த தன் நூலில் ஒரு கணக்குச் சொல்கிறார்: மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிட, ஆறில் ஒரு பங்கு கோட் எழுத, மிச்சப் பாதி சோதிக்க. அவ்வளவு பெரிய வேலைக்குச் சொன்னதை எங்கட குட்டி வேலைக்கு அப்படியே பொருத்த ஏலாது. எண்டாலும் ஆகச் சின்னத் துண்டு எது எண்டு பாருங்கோ.

நாங்கள் மூண்டு நாள் எடுத்தம். ஏ4 தாளில் ஒவ்வொரு திரையாகக் கீறி, வாசிகசாலைக்கு வாற பிள்ளைகளிட்டக் குடுத்தம். அவை விரலால தொட, நாங்கள் அடுத்த தாளை எடுத்து வைப்பம்.

அங்கத்தவர் படிவத்தில் 'தந்தை பெயர்' எண்டு ஒரு பெட்டி. வாசிகசாலையின் பழைய பதிவுக் கொப்பியில் இருந்து வந்தது. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் அடுத்த திரைக்குப் போக ஏலாது. ஏ.எல். படிக்கிற ஒரு தங்கச்சி அந்தப் பெட்டியில் பென்சிலை வைச்சபடி கனநேரம் இருந்தா. பிறகு மெதுவா, "அப்பா காணாமல் போனவர். இதில என்னக்கா எழுதுறது?" எண்டு கேட்டா.

கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் தொடங்கின தாய்மாரின் போராட்டத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவை. பெயரை எழுதினால் ஒரு அர்த்தம், எழுதாமல் விட்டால் இன்னொரு அர்த்தம். புத்தகம் இரவல் வாங்க வந்த பிள்ளையிட்ட அதைக் கேட்க எங்களுக்கு என்ன தேவை? ரப்பரால அழிச்சம். 'தொடர்புக்கு ஒருவர்' எண்டு எழுதினம், நட்சத்திரத்தையும் எடுத்தம். இதுவே கோட்டில் ஏறியிருந்தால் தரவுத்தளம், தேடல், அங்கத்தவர் அட்டை எண்டு எல்லா இடமும் பிரிச்சு மேய வேண்டி வந்திருக்கும். அதைவிட, எத்தனை பிள்ளைகள் அந்தத் திரையோட எழும்பிப் போயிருப்பினமோ.

ஆனா தாளில் பிடிபடாத சங்கதியும் இருக்கு. முப்பது புத்தகத்தைப் போட்டு ஓட வைச்சபோது 'கறி' எண்டு தொடங்குற சமையல் புத்தகம் 'கலை'க்கு முன்னால வந்து நிண்டது. இந்தியாவின் இஸ்கி குறியேற்றத்தைப் பின்பற்றி 1991இல் யுனிகோட்டில் தமிழ் ஏறினபோது, ர-வுக்குப் பக்கத்தில் ற-வும், ந-வுக்குப் பக்கத்தில் ன-வும் இருத்தப்பட்டன. இலக்கத்தை மட்டும் பார்த்து அடுக்கினால் அகராதி வரிசை வராது. தமிழ் அகர வரிசை தெரிந்த நிரலைச் சேர்த்த பிறகுதான் சரிவந்தது. எவ்வளவு கீறியிருந்தாலும் இது தெரிய வந்திருக்காது. பொறியியல்காரன் இதைச் சும்மா விடுவானோ? ரெண்டு நாள் சொல்லிக் காட்டினான்.

இப்ப கொஞ்சம் கீறுறம், கொஞ்சம் ஓட விடுறம், திரும்பக் கீறுறம். தண்டப்பணம் மட்டும் இன்னும் முடிவாகேல்லை. காலபோக அறுவடை நேரம் 14 நாளில் புத்தகம் திரும்பி வராது எண்டு நூலகர் அக்கா சொல்றா. அந்தத் தாள் இன்னும் வெறுமையாத்தான் கிடக்கு.